பதினோரு வீட்டுச் சாவியும் சிலுவக்காவும்

எங்கள் வீட்டுக்குத் திருட வருகிறவன் பரிதாபப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு. என் வீட்டுக்காரர், பெயர் சாவியோ, துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள் மிக்சி; அதுவும் மூடியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும். ஆனால் கல்மண்டபம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோமையார் சந்தில் எல்லோரும் எங்களைப் போல இல்லை. ரெயில்வேயில் ரிட்டையர் ஆனவர், சொந்தப் படகு வைத்திருப்பவர், மகனைத் துபாய்க்கு அனுப்பியவர் என்று, பீரோவும் பீரோவுக்குள் ஏதோ கொஞ்சமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டையும் கௌரவத்துக்குச் சேர்த்துக்கொண்டால் பதினோரு வீடு. வருடத்தில் ஒரு தடவை இந்தப் பதினோரு வீடும் ஒரே நேரத்தில் பூட்டிக்கிடக்கும். ஆகஸ்டு மாதம், வேளாங்கண்ணி நடைப்பயணம்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கணக்குப் பண்ணி, காவி கட்டி, செருப்பில்லாமல், மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டியை முன்னால் விட்டுக்கொண்டு, குடும்பம் குடும்பமாகக் கடற்கரைச் சாலையில் நடப்போம். கைக்குழந்தைக்காரிகூட நடப்பாள். கொடியேற்றத் தேதி பங்குச் சாமியாருக்கு மறந்தாலும் ராயபுரத்துத் திருடனுக்கு மறக்காது. எந்தச் சந்து காலி, எந்த வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது என்று அவனுக்கு அத்துப்படி. அந்தத் திருடனிடமிருந்து எங்கள் சந்தை இத்தனை வருடமாகக் காப்பாற்றியது போலீசும் இல்லை, பூட்டும் இல்லை. சிலுவக்கா.

முழுப்பெயர் சிலுவையம்மாள். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்பவர். ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது, கட்டையான உடம்பு, பெரிய குரல். மூக்கைச் சுளித்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களிடம், "மீனு நாறாம மல்லிப்பூவா மணக்கும்? போயி பூக்கடையில குந்து போ" என்பார். வாய்தான் அப்படி. மனசு தங்கம். அந்த மனசுதான் அவரைக் கெடுத்தது என்று நான் சொன்னால் சந்தில் யாருக்கும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அவர் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் விசைப்படகில் டிரைவர். நான் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த புதிதில், ஒரு மழைக்காலத்தில், அவர் போன படகு இஞ்சின் கெட்டு ஆந்திராப் பக்கமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் சந்தே காசிமேட்டுக் கரையில் பழியாய்க் கிடந்தது. அப்போது சிலுவக்கா கடலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "யம்மா வேளாங்கண்ணி, அந்த ஆள கரையில கொண்டாந்து வுட்டுடும்மா. நான் நட்ந்தே வந்து உன் மூஞ்சப் பாக்கறேன்."

ஆள் வந்தார். உதடெல்லாம் வெடித்து, கண் குழிக்குள் போய், அடையாளம் தெரியாமல் வந்தார். ஆனாலும் வந்துவிட்டார். அந்த நேர்த்திக்கடனைத்தான் அக்காவால் செலுத்த முடியவில்லை.

அடுத்த ஆகஸ்டில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. அக்கா பயணத்துக்கு வரவில்லை, வீட்டில் நின்றுவிட்டார். அதற்கு முந்தின வருடம்தான் நாங்கள் பாண்டிச்சேரியில் நடந்துகொண்டிருந்தபோது சாலமன் அண்ணன் வீட்டுப் பூட்டை உடைத்து, பீரோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தான் ஒருவன். சாலமன் அண்ணன்தான் எங்கள் பயணக் குழுவுக்குத் தலைவர், ரெயில்வேயில் இருந்தவர். அவர் முதலில் போய், "நீ நிக்கத்தான போற சிலுவ, அப்டியே நம்ம வூட்டையும் ஒரு கண்ணு பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார். அவரைப் பார்த்து ஆளாளுக்குக் கொடுத்தார்கள். அங்கே பிடித்தது சனி.

அக்கா காவல் காத்த அழகை நான் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். கால் சுளுக்கி, மகாபலிபுரத்தோடு பஸ் ஏறித் திரும்பி வந்த வருடம் அது. சாயங்கால வேளை. சந்துக்குள் நுழைந்தால் ஆள் இல்லாத சந்து மாதிரியே இல்லை. பூட்டுத் தொங்கும் கேட்டுகளில் எல்லாம் ஈரத் துண்டு விரித்துப் பூட்டை மறைத்திருந்தார். வாசல்களில் ஆம்பளைச் செருப்பு, பிள்ளைகள் செருப்பு என்று தாறுமாறாகக் கிடந்தது. கொடியில் புடவை. ஒரு வீட்டுக்குள் டி.வி. ஓடியது. இன்னொரு வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுக்கும் வாசனை. பூட்டு உடைக்க வருகிறவன் முதலில் மோப்பம் பிடிப்பான், அடுப்பெரியாத வீட்டை வாசனையிலேயே கண்டுபிடிப்பான் என்பது அக்காவின் கட்சி. ஒரு நாள் ஒரு வீட்டு அடுப்பு என்று வைத்து வறுத்துத் தள்ளுவார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சந்து நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டைப் பார்த்து, "ஏய் ஜானட்டு! தண்ணி லாரி வந்துகினு கீது, கொடத்த எட்த்துகினு வராம உள்ள இன்னாமே பண்ற?" என்று ஒரு கத்துக் கத்தினார். பிறகு விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் போய், குரலைக் கீச்சென்று மாற்றி, "தோ வர்றேங்கா!" என்று அவரே பதில் சொன்னார். பையோடு சந்து முனையில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் குரலை நானே என் வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன். சாலமன் அண்ணனின் இருமலைக்கூட விடவில்லை, அவர் வீட்டு ஜன்னல் ஓரம் நின்று அச்சு அசலாக இருமினார். சிரித்துச் சிரித்து எனக்குச் சுளுக்கே மறந்துவிட்டது.

அக்கா காவல் நின்ற அந்த முதல் வருடம் ஒரு குண்டூசி காணாமல் போகவில்லை. அக்கா செய்த தப்பே அதுதான். மறு வருடம் அவர் பையைத் தூக்கினதும், "நீ நின்ன வருசம் எவ்ளோ நிம்மதியா நட்ந்தோம் தெரியுமா? இந்த ஒரு வருசம் மட்டும் சிலுவ" என்றார்கள். அதற்கு அடுத்த வருடம் ஒருத்தர் வீட்டில் புது ஸ்கூட்டர். அதற்கு அடுத்த வருடம் இன்னொருத்தர் வீட்டில் சீமந்தத்துக்கு வாங்கி வைத்த வளையல். எப்போதும் "இந்த ஒரு வருசம்" மட்டும்தான்.

பஸ்ஸில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நானே கேட்டிருக்கிறேன். "நட்ந்து வரேன்னு வாய்விட்டுச் சொன்னவ, பஸ்சுல போயி எறங்கினா இன்னா மூஞ்ச வெச்சுகினு அவங்க முன்னாடி நிப்பேன்?" என்பார். தனியாக நடக்கலாம் என்றால் அத்தனை தூரம், பொம்பளை. குழு கிளம்புவதும் வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆக, அந்த அம்மாவின் முகத்தைப் படத்தில் தவிர அக்கா பார்த்ததே இல்லை.

நாங்கள் திரும்பி வரும் நாளில் சந்து முனையிலேயே நிற்பார். பயணம் எப்படி என்று கேட்க மாட்டார். "கோயிலாண்ட நின்னா கடலு தெரியுமா? காத்து அடிக்குமா? மணலு சுடுமா?" என்று கேட்பார். ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு கேட்பார். எங்கள் காவித் துணிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போய் அவரே துவைத்துப் போடுவார்.

போன கிறிஸ்துமசுக்கு முன்னால் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். கடைசி நாட்களில் அக்காவிடம், "என்னக் கரைசேத்த அம்மாவ நீ இன்னும் போயி பாக்கலியே சிலுவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கப்புறம் அக்காவுக்கு மார்க்கெட்டில்கூடக் குரல் எழும்பவில்லை. "கேட்டத வாங்கிகினேன், அவரோட வாழ்ந்தும் முடிச்சுட்டேன் ஜானட்டு. சொன்னத செய்யாமலே போயிடுவேனோன்னு பயமா கீது" என்று ஒரு நாள் என்னிடம் அழுதார்.

இந்த வருடம் விமோசனம் கேமரா ரூபத்தில் வந்தது. சந்தின் இரண்டு முனையிலும் கேமரா மாட்டி, எங்கிருந்தாலும் போனில் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார் சாலமன் அண்ணன். சாவியோவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். "இனிமே சிலுவைக்கு ரிலீஸ்" என்றார் அண்ணன், என்னமோ ஜெயிலர் மாதிரி.

அக்காவைப் பார்க்க வேண்டுமே! காவிப் புடவை வாங்கி, கோயிலில் ஜெபமாலை போட்டு, விரதம் தொடங்கிவிட்டார். வீட்டில் கவிச்சி கிடையாது. மார்க்கெட்டுக்கு வெறுங்காலில் போய்ப் பழகினார். "இன்னா யக்கா, செருப்ப நாயி தூக்கினு பூட்ச்சா?" என்று கேலி பண்ணினவர்களுக்கு, "வேளாங்கண்ணிக்குப் போறேன்டா சோமாறி!" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். எதிர்வீட்டு ரஹீமுன்னிசா அக்கா, வண்ணாரப்பேட்டைக் கடைக்கு ஜாக்கெட் தைப்பவர், மிச்சத் துணியில் தோள்பை ஒன்று தைத்துக் கொடுத்தார். அதன் அடியில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனின் சட்டை ஒன்றை மடித்து வைத்தார் அக்கா. "இன்னாத்துக்குக்கா?" என்றேன். "கரைக்கு வந்தவர அம்மாகிட்ட காட்ட வேணாமா?" என்றார்.

நாளைக்கு விடிந்தால் பயணம். அன்றைக்கு மத்தியானம் பக்கத்துச் சந்தில் பூட்டிய வீடு ஒன்றில் திருடு. அந்த வீட்டில் கேமரா இருந்தது. வந்தவன் கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, படம் பதிகிற பெட்டியையும் கையோடு கொண்டுபோய்விட்டான். போகும்போது கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டான் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அதை யார் பார்த்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

சாயங்காலம் ஒவ்வொருத்தராகச் சிலுவக்கா வாசலில் வந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் சாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாலமன் அண்ணன்தான் தொண்டையைச் செருமினார். "சிலுவ, இந்த ஒரு வருசம்..."

"வாய மூடு அண்ணாத்த!" என்றார் அக்கா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு வருசம் ஒரு வருசம்னு என் வயச பூரா பூட்டி வெச்சுட்டீங்க. உங்க பீரோவுக்குக் காவலு நானு. எனக்கு யாரு? அந்த அம்மா என்னக் கேட்டா நான் இன்னான்னு சொல்றது? சாலமன் வூட்டு ஸ்கூட்டருக்குக் காவலு இருந்தேன்னு சொல்லட்டா?"

சாவியோ ரஹீமுன்னிசா அக்காவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றார். "எனக்கு வேணாம்பா" என்றார் அவர் பட்டென்று. "சிலுவ கையில சாவி இருந்து ஒண்ணு காணாப்பூட்ச்சுன்னா திருடன் எட்த்தான்னு சொல்வீங்க. என் கையில இருந்து ஒரு டம்ளரு காணாப்பூட்ச்சுன்னா யாரு எட்த்தான்னு பேசுவாங்க, எனக்குத் தெரியும்." அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது சில்வியா முன்னால் வந்தாள். புருஷன் இல்லாதவள். மகள் சிவந்திக்குச் செப்டம்பரில் கல்யாணம். சீர்ப் பாத்திரம், பட்டு, கட்டில் மெத்தை எல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மகளோடு நடந்து வருவதாக அவளுக்கும் வேண்டுதல். "நான் நிக்கறேன்கா. நீங்க சிவந்திய கூட்டிகினு போங்க. உங்களுக்கு இல்லாத பயணம் எனக்கு இன்னாத்துக்கு?" என்று கழுத்து ஜெபமாலையில் கை வைத்தாள். பக்கத்தில் நின்ற சிவந்தி அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சிலுவக்கா அவள் கையை வெடுக்கென்று பிடித்துத் தடுத்தார். "கழட்டாத. போட்டவ கழட்டக்கூடாது. பொண்ண கூட்டிகினு நீ போ." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, "குட்த்துட்டுப் போங்க. ஒரு வார்த்த யாரும் பேசாதீங்க" என்றார். பதினோரு சாவி விழுந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் "மரியே வாழ்க" சொல்லிக் கிளம்பினோம். அக்கா வழியனுப்ப வரவில்லை. எனக்கு முதல் நாள் முழுக்க வாயில் ஜெபமே வரவில்லை, திட்டுத்தான் வந்தது.

கோவளத்தில் தங்கினபோது, சந்து பத்திரமாக இருக்கிறதா என்று சாவியோ போனைத் திறந்தார். எல்லோரும் தலையை நீட்டினோம். அக்கா போய்க்கொண்டிருந்தார். கழற்றாத காவிப் புடவை, வெறுங்கால், தோளில் பை, கையில் ஜெபமாலை. ஒரு முனையில் வந்து மறுமுனையில் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதல் முனையிலேயே வந்து மறுமுனையிலேயே போனார். "நல்லா ரவுண்டு வுடுது" என்று சாலமன் அண்ணன் திருப்தியோடு போய்ப் படுத்தார். எனக்கு என்னமோ இடித்தது. திரும்பி வருவதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்க முடியவில்லை.

மரக்காணத்தில் பொறுக்க முடியாமல் போன் போட்டேன். "இன்னாக்கா பண்றீங்க?"

"நட்ந்துகினு கீறேன். இன்னிக்கு எங்க தங்கறீங்க?"

"மரக்காணம்."

"அப்ப நானும் மரக்காணம்தான்" என்றார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன் ஜானட்டு. நம்ம ஜனம் நடக்கற நேரமெல்லாம் நானும் நடக்கறேன், சந்துன்னு பாக்காத, ரோடுன்னு எட்த்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு ஏன் ஒரே பக்கமா போறீங்க?"

"பயணம் போறவ எங்கனா திரும்பி நடப்பாளா? அந்தாண்ட போயி பின்தெருவ சுத்திகினு வந்து நுழையறேன். எப்பவும் தெக்கதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு வழில இன்னா பாத்தீங்க? சொல்லு" என்றார்.

உப்பளம் பார்த்தோம் என்றேன். எப்படி இருக்கும் என்றார். வெயிலில் வெள்ளை வெளேரென்று கண் கூசும் என்றேன். கடல் எந்தக் கைப்பக்கம் வரும் என்றார். பீச்சாங்கைப் பக்கம் என்றேன். "எனக்கும் பீச்சாங்கைப் பக்கம்தான் கடலு! நம்ம ஹார்பரு!" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். போனை வைத்துவிட்டு நான் உப்பளத்து ஓரம் உட்கார்ந்து அழுதேன்.

அதிலிருந்து தினமும் போன். பாண்டிச்சேரியில் யார் மோர் கொடுத்தார்கள், புளியமர நிழல் எதுவரைக்கும் வரும், சிவந்திக்குக் கால் கொப்பளித்ததா என்று எல்லாம் கேட்பார். நான் சொல்லச் சொல்ல, "ம்... ம்..." என்று நடந்துகொண்டே கேட்பார். நடுவில் காவல் வேலையும் குறைவில்லை. "இரு, உன் வூட்டப் பாத்து ஒரு சத்தம் குட்த்துட்டு வரேன்" என்று போனைப் பிடித்துக்கொண்டே கத்துவார். விரதக்காரி என்பதால் வறுத்த மீனை வாயில் வைப்பதில்லை, அப்படியே ரஹீமுன்னிசா அக்கா வீட்டுக்குப் போகுமாம்.

கடலூரில் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நான் இப்பவே பஸ் ஏறி வர்றேன். சாவிய என்கிட்ட குட்த்துட்டு நீங்க வந்து இவங்களோட சேந்துக்கோங்க. இங்கேர்ந்து நடங்க" என்றேன். பக்கத்தில் ரஹீமுன்னிசா அக்கா குரலும் கேட்டது: "நானும் அதான் சொல்றேன் ஜானட்டு. யாரு இன்னா பேசினாலும் பேசிட்டுப் போறாங்க, நான் பாத்துக்கறேன் போடின்னா கேக்க மாட்டேங்கறா."

"பஸ்சுல ஏறிட்டேன்னா இது வரைக்கும் நட்ந்தது பூரா வீணாப்பூடும்" என்றார் சிலுவக்கா. "நான் பாண்டிச்சேரி தாண்டி கடலூரு வந்துட்டேன். இனிமே நடுவுல வுட முடியாது." வெட்டித்தனமான பிடிவாதம் என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? அவர் தன் மாதாவோடு பேசி முடித்துவிட்டிருந்தார்.

சிதம்பரம் தாண்டினோம், காரைக்கால் தாண்டினோம். இப்போது சாயங்காலமானால் யாரும் வீடு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அக்காவைத்தான் பார்த்தார்கள். நடை குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலைச் சாய்த்து, கேட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் போனார். சாலமன் அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். நாகப்பட்டினத்தில் அக்கா கேட்டார், "நாளைக்குப் போயி சேந்ததும் முதல்ல இன்னா செய்வீங்க?"

"மாதா கொளத்துக்குப் போற வழில மணலு கொட்டியிருக்கும்கா. வேண்டிக்கினவங்க அதுல முட்டி போட்டே போவாங்க. சில்வியா போடப்போறா. அப்பால கோயிலுக்குள்ள வரிசைல நின்னு அம்மாவ பாப்போம்."

"முட்டி போட்டா?" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். கூட்டமென்றால் கூட்டம். சில்வியா மகள் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் முட்டி போட்டாள். முடித்துக்கொண்டு கோயில் வரிசையில் நின்றோம். வாசலை நெருங்கும் சமயம் சாவியோ போனைத் திறந்துவிட்டு, "ஜானட்டு, இங்க பாரு" என்றார்.

சந்தில் மணல் விரித்திருந்தது. ரஹீமுன்னிசா அக்காவின் மகன் அமீர் லோடு ஆட்டோவிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கிக் கொட்டிக்கொண்டிருந்தான். காசிமேட்டுக் கரை மணலாகத்தான் இருக்கும். அந்த மணலில் சிலுவக்கா முட்டி போட்டு வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் ரஹீமுன்னிசா அக்கா குனிந்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து, கையால் கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனார். அக்கா விழுந்தார். ரஹீமுன்னிசா அக்கா தூக்கினார். மறுபடி நகர்ந்தார். பூட்டிய பதினோரு வீட்டுக்கு நடுவில், ஈரத் துண்டுகளுக்கும் எங்கள் செருப்புகளுக்கும் நடுவில், சந்து முழுக்க அப்படியே வந்து முடித்தார். வரிசையில் எங்கள் குழுவில் ஒருத்தர் கண்ணும் காயவில்லை.

என் போன் அடித்தது. "ஜானட்டு..." மூச்சு இரைத்தது. "வந்துட்டேன்டி. வேளாங்கண்ணிக்கு வந்து சேந்துட்டேன். நீங்கல்லாம் எங்க நிக்கறீங்க?"

"கோயிலு வாசல்லக்கா. உள்ள நுழையறோம்."

"நானும் அங்கதான் கீறேன். எனக்குத்தான் ஒண்ணியும் தெரியல. அம்மா எதிர்ல தெரியறாங்களா? இன்னா கலர்ல பொடவ கட்டிகினு கீறாங்க? சொல்லு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. எந்நேரமும் வாயாடுகிற நான்! சாவியோவைப் பார்த்தேன், அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சில்வியாவுக்கு விம்மல். "ஜானட்டு, சொல்லேன்டி" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும், என் கையிலிருந்த போனை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எம்மா, நான் சொல்லுதேன். நல்ல நீலப் பட்டு. மயில் கழுத்து இருக்குல்லா, அந்த நீலம்."

"சரிகை கீதா?"

"இருக்கு. ரெண்டு விரல் அகலம் இருக்கும்."

"கொயந்தைக்கு?"

"பிள்ளைக்கும் அதே துணியிலதான் தைச்சிருக்காவ. தலையில குட்டிக் கிரீடம்."

பிறகு சிலுவக்கா, மார்க்கெட்டையே அதிர வைக்கும் அந்தக் குரலைக் காணாமல் அடித்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்: "அம்மா எந்தப் பக்கம் பாக்கறாங்க?"

அந்தப் பெண் எட்டி ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "நம்மளத்தாம்மா பாக்காவ" என்றாள்.